ஆலை வரும் பின்னே, சரக்குச் சீட்டு வரும் முன்னே

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மாதிரி ரயில் என்றதும் பலருக்கு நினைவு வருவது வட்டமான தண்டவாளமும், அதில் செக்குமாடு போலச் சுற்றிவரும் எஞ்சினும்தான். நான் பேச வந்தது வேறொன்றைப் பற்றி. நிஜ ரயில் பாதையை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கி அமைத்து, நிஜ ரயில்வே செய்த வேலைகளை அதில் முறைப்படி செய்துபார்க்கும் பொழுதுபோக்கு இது. அதிலும் இன்று ஒரே ஒரு விஷயம்: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மாதிரிப் பாதையில் புதிதாக ஓர் ஆலை வந்தால், அதற்குச் சரக்குப் போக்குவரத்தை எப்படி நடத்துவது?

நண்பர்கள் சிலர் சேர்ந்து மொட்டைமாடி அறையில் அமைத்திருக்கும் பாதை, மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் வழித்தடத்தைத் தழுவியது. சுமார் 90 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம் 2010 கடைசியில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டது. தேனி வரை 2022-இலும் போடி வரை 2023-இலும் மறுபடி ரயில் வந்தது. எங்கள் பலகையில் உசிலம்பட்டி மட்டும் இருக்கிறது; மதுரையும் தேனியும் பலகைக்கு வெளியே இருப்பதாகப் பாவனை. காலம் 1970-கள். தண்டவாள இடைவெளி 12 மில்லிமீட்டர்.

இன்றைய ரயிலை விட்டுவிட்டு ஏன் ஐம்பது வருடம் பின்னால் போக வேண்டும் என்று கேட்பார்கள். கணக்குப் போட்டால் புரிந்துவிடும். இன்று நிலக்கரி ஏற்றிவரும் பாக்ஸ்-என் வேகன் ஒவ்வொன்றும் பத்தே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. முழு ரேக், அதாவது ஒரே ரயிலாகக் கோத்த வேகன் தொடர், என்றால் 58 வேகன். 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும், எஞ்சினைச் சேர்க்காமலே ஏழு மீட்டரைத் தாண்டிவிடும். எங்கள் பலகையே அவ்வளவு நீளம் இல்லை. அதோடு, முழு ரேக்கில், வேகன்களைக் கழற்றி இடம் மாற்றிக் கோக்கும் ஷண்டிங் என்ற பேச்சுக்கே பெரிதாக இடமில்லை. வந்தது, இறக்கியது, போனது. 1980-களில் ரயில்வே முழு ரேக் முறைக்கு முன்னுரிமை கொடுப்பதற்கு முன்னால், ஒரு வியாபாரி ஒரே ஒரு வேகன் கேட்டு இண்டென்ட் என்ற கோரிக்கைச் சீட்டுப் போடலாம். அந்த ஒற்றை வேகன்தான் மாதிரி ரயில்காரனுக்கு அன்னதாதா.

புது ஆலை வைக்கலாம் என்றதும் எல்லாரும் முதலில் கட்டடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். புகைபோக்கி எவ்வளவு உயரம், சுவருக்கு எந்தச் சிவப்பு, பெயர்ப்பலகையில் என்ன எழுத்து. கட்டடம் கடைசியில் வரட்டும் என்பதே என் கட்சி. வெள்ளை அட்டையில் நான்கு சுவர் நிறுத்தி வைத்தாலே போதும். முதலில் எழுதவேண்டியது, உள்ளே என்ன வருகிறது, வெளியே என்ன போகிறது, எங்கிருந்து எங்கே, எந்த வகை வேகனில், எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதைத்தான்.

எங்கள் குழுவில் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நூற்பாலை என்று முடிவானதும் இளைஞர் ஒருவர் ஆர்வமாக ஒரு நிலக்கரி வேகனைக் கொண்டுவந்து வைத்தார்.

“தம்பி, நூற்பாலைக்கு மின்சாரம் பாபநாசம் அணையிலிருந்து வருகிறது. இந்தக் கரி யாருக்கு?” என்றார் பெரியவர்.

“பாய்லருக்கு ஐயா.”

“நூல் நூற்க எதற்குப் பாய்லர்? சாயப்பட்டறை இருந்தால் சொல்லுங்கள், வேகனை விடுகிறேன்.”

அந்த நிமிடத்தில் ஆலைக்குச் சாயப்பிரிவு முளைத்தது. அதிலிருந்து வரிசையாக மற்றவையும் வந்தன. சாயம் ஏற்ற உப்பு வேண்டும். உப்பு என்றால் தூத்துக்குடி. காஸ்டிக் சோடா வேண்டும்; அது திருச்செந்தூர்ப் பக்கத்துச் சாகுபுரத்திலிருந்து. தேனிப் பக்கத்துப் பருத்தி, 170 கிலோ பேல்களாக மூடுவேகனில் வரும். நூல் கட்டுகள் மதுரைக்குப் போகும். கழிவுப் பஞ்சு எப்போதாவது. ஒரு கேள்விக்குப் பதில் தேடப்போய் எங்கள் போக்குவரத்து இரண்டு மடங்காகியது.

இங்கே திசையைக் கவனியுங்கள். பருத்தி போடிப் பக்கத்திலிருந்து வருகிறது. கரியும் உப்பும் மதுரைப் பக்கத்திலிருந்து. ஆலைக்குள் போகும் கிளைப்பாதையான சைடிங்கோ மதுரையிலிருந்து வரும் ரயிலுக்கு முகம் காட்டிப் பிரிகிறது. அந்த ரயில் அப்படியே உள்ளே நுழைந்தால், எஞ்சின் பாதை முடியும் முட்டுக்கட்டைப் பக்கம் போய், வேகன்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். தேனியிலிருந்து வரும் ரயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. சைடிங் பிரியும் பாயின்ட்டைத் தாண்டி நின்று, வேகனைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுப் போய்விடலாம்.

அப்படியானால் கரி வேகனை என்ன செய்வது? ஸ்டேஷனில் பிரதான பாதையிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் லூப் லைன் காலியாக இருந்தால், எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குச் சுற்றிக்கொண்டுவந்து தள்ளலாம். பயணிகள் ரயில் கிராஸிங் இருக்கிறது என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் லூப்பைத் தரமாட்டார். அப்போது கரி வேகன் ஆலை வாசலைக் கடந்து, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி, தேனி வரை போய், திரும்பும் ரயிலில்தான் வந்து சேரும். வெளியாளுக்கு இது வீண் அலைச்சலாகத் தெரியும். ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள்.

சைடிங் நான்கு வேகன் கொள்ளும். அதில் எது எங்கே நிற்கவேண்டும் என்பதில்தான் விளையாட்டே இருக்கிறது. கரி இறக்கும் இடத்தை வேண்டுமென்றே கடைக்கோடியில் வைத்தோம். அதற்கு முன்னால் பருத்தி மேடை. வாசலை ஒட்டி நூல் ஏற்றும் கதவு. கரி வந்தால், பாதி ஏற்றிய நூல் வேகனையும் பாதி இறக்கிய பருத்தி வேகனையும் வெளியே இழுத்து, காலிக் கரி வேகனை எடுத்து, புதியதை உள்ளே தள்ளி, எடுத்தவற்றை அதனதன் கதவுக்கு நேராகத் திரும்ப நிறுத்தவேண்டும். வசதியாக அமைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்து சலித்துப்போயிருக்கும்.

வேலையை நடத்துவது சீட்டு. ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை. அதில் வேகன் எண், வகை. அட்டையில் ஒட்டிய சிறு பையில் சரக்குச் சீட்டைச் செருகுகிறோம். ஒரு மூடுவேகனை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டின் முதல் முகம்: காலி, உசிலம்பட்டி ஆலை, நூல் கதவு. அடுத்த முகம்: நூல், மதுரை. அதன் பிறகு உப்போடு திரும்பி வரும். கடைசியில் காலியாக மதுரைக்கே. நாங்கள் கூடி ரயில் ஓட்டும் ஒவ்வொரு அமர்வுக்கும் சீட்டு ஒரு முகம் திரும்பும். மாசி, பங்குனியில் பருத்திச் சீட்டுகளைக் கூட்டிவிடுகிறோம், ஐப்பசியில் குறைத்துவிடுகிறோம். ஆலைக்கும் பருவம் வேண்டாமா?

திறந்த வேகனில் ஒரு சிக்கல் உண்டு. மூடுவேகனுக்குள் சரக்கு இருக்கிறதா என்று எவரும் எட்டிப்பார்க்கப் போவதில்லை. கரி வேகன் நிறைந்து வந்து நிறைந்தே திரும்பினால் கண்ணை உறுத்தும். தெர்மாகோல் துண்டை வேகனின் உள்ளளவுக்கு அறுத்து, மேலே சற்று மேடாக இழைத்து, கறுப்பு பூசி, பசை தடவி, உண்மையான நிலக்கரியை அம்மியில் நுணுக்கித் தூவினோம். அடியில் ஓர் இரும்பு வாஷரைப் பதித்துவிட்டால், காந்தக் குச்சியால் கரிக்குவியலை அப்படியே தூக்கிவிடலாம். தெர்மாகோலுக்குத் தண்ணீரில் கரையும் வண்ணத்தையே பூசுங்கள். தின்னர் கலந்த பெயின்ட் அதைத் தின்றுவிடும்.

குறித்த நேரத்தில் இறக்காத வேகனுக்கு ரயில்வே தாமதக் கட்டணம் விதிக்கும். டெமரேஜ் என்றால் வியாபாரிகளுக்குத் தெரியும். பெரியவர் அதையும் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரு அமர்வில் வந்த வேகன் அடுத்த அமர்வு முடியும்வரை சைடிங்கிலேயே நின்றால், ஆலையைக் கவனிப்பவர் அபராதம் கட்டவேண்டும். உண்டியலில் சேரும் பணம் வடைக்குப் போகிறது.

இவ்வளவுக்கும் வீட்டில் இடமில்லையே என்பவர்களுக்கு, ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த இங்கில்நூக் என்ற அமைப்பு இருக்கிறது. மூன்றே சைடிங்: ஒன்றில் ஐந்து வேகன் கொள்ளும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, எடுத்த வரிசையிலேயே ரயிலாகக் கோக்கவேண்டும். 6,720 வரிசைகள் வரக்கூடும். நான்கு சக்கர வேகன்கள் என்றால், வீட்டில் சுவரோரமாக இருக்கும் ஒரு அலமாரித் தட்டிலேயே இதை அமைத்துவிடலாம். மூன்று சைடிங்கில் ஒன்றுக்கு ஆலை என்று பெயர் வைத்து, உள்ளே வருவது என்ன, வெளியே போவது என்ன என்று சீட்டு எழுதத் தொடங்குங்கள். வணக்கம்.