சமன் டின்னுக்குள் இருப்பது யார்?

வணக்கம் நேயர்களே. மார்கழி வாடை அடித்து, தோணிகள் எல்லாம் கரையில் கிடக்கும் நாட்களில் திருகோணமலையில் எத்தனை வீட்டில் சமன் டின் உடைபடும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் அம்மாவுக்கு டின்னில் வரும் மீன் எல்லாமே 'சமன்'தான். லேபிளில் மக்கரல் என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் சமன்தான்.

சமன் என்றால் சால்மன். வடக்கே குளிர்ந்த கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கு ஏறுகிற மீன். அதன் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் முள்ளே இல்லாத சின்னத் தசைத் துடுப்பு ஒன்று இருக்கும். டின்னுக்குள் தலையும் வாலும் இல்லாமல் வருவதை வைத்து இதையெல்லாம் பார்க்க முடியாது. ஆனால் துண்டை விரலால் தடவிப் பாருங்கள். விலாவில் கரகரவென்று கெட்டியான செதில் வரி தட்டுப்பட்டால் அது சால்மன் இல்லை, எங்கள் பாரையின் சொந்தக்காரன்.

சரி, உண்மையான சால்மனுக்கு வருவோம். பீட்டர் ஆர்டெடி என்றொரு சுவீடன்காரர், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயசின் நண்பர். மீன்களை வகைப்படுத்துவதிலேயே வாழ்ந்தவர். 1735இல் ஆம்ஸ்டர்டாமில் இரவு வீடு திரும்பும்போது கால்வாயில் விழுந்து இறந்துபோனார். வயது 30. அவருடைய கையெழுத்துப் பிரதிகளை லின்னேயஸ் 1738இல் அச்சில் கொண்டுவந்தார். அதை 1792இல் விரிவாக்கி வெளியிட்டவர் யொஹான் வால்பாம், ஜெர்மனியின் லூபெக் நகரத்து வைத்தியர். பசிபிக் சால்மன்கள் பல அதில்தான் அறிவியல் பெயர் பெற்றன.

எனக்குப் பிடித்தது இதுதான்: வால்பாம் அந்த மீன்களுக்கு லத்தீனில் புதுப்பெயர் கட்டவில்லை. கோர்புஷா, நெர்கா, கேட்டா என்று ரஷ்யாவின் கிழக்குக் கோடியான கம்சட்கா பக்கத்தில் வழங்கிய பெயர்களையே எடுத்து வைத்தார். கோர்புஷா என்றால் ரஷ்ய மொழியில் கூனி. முட்டையிடும் காலத்தில் ஆண் மீனின் முதுகு கூனிப்போவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்.

அவற்றை அவர் அட்லாண்டிக் சால்மனின் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் கூட்டத்தில், சேர்த்திருந்தார். பிற்பாடு வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். விலங்குகளின் அறிவியல் பெயருக்குப் பின்னால் பெயர் வைத்தவரின் பெயரையும் எழுதுவார்கள்; பேரினம் மாறிவிட்டால் அதை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். அதனால்தான் அந்த மீன்களின் பெயருக்குப் பின்னால் வால்பாம் இன்றைக்கும் அடைப்புக்குறிக்குள் நிற்கிறார். 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட அட்லாண்டிக் காட் மீன் இடம் மாறவில்லை, அவருக்கு அடைப்புக்குறியும் இல்லை.

அப்புறம், நம்முடைய மீன் ஒன்று. தரங்கம்பாடியில் இருந்த ஜோன் என்ற பாதிரியார் பெர்லினில் மீன் ஆராய்ச்சி செய்த மார்கஸ் புளொக்குக்கு மீன்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். புளொக் 1793இல் கத்தாளைக்கு அவர் பெயரால் ஜோனியஸ் என்று பேரினம் அமைத்தார். அதில் ஒரு இனத்தின் பெயர் கருட்டா. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நம்முடைய 'கருத்த'தான் அது. கருத்த கத்தாளை. இத்தனை வருடமாகியும் புளொக்கின் பெயரைச் சுற்றி அடைப்புக்குறி விழவில்லை.