மற்றவர் எப்படியோ, நீங்களா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய மொழி படிப்பவர்கள் என்1 என்கிற மிக உயர்ந்த நிலைத் தேர்வுக்குத் தயாராகும்போது 'நரா இஜாஷிராஜு' என்ற தொடரைச் சந்திப்பார்கள். விதிவிலக்கான ஒன்றை ஒதுக்கிவிட்டு, வழக்கமான ஒன்றைப் பேச உதவும் தொடர். எனக்கு ரொம்பப் பிடித்தது.

'ஷோகாகுசேய் நரா இஜாஷிராஜு, தைகாகுசேய் கா கொன்னா கன்ஜி மோ காகெனாய் தோ வா.' தொடக்கப்பள்ளிப் பிள்ளை என்றால் எப்படியோ, கல்லூரியில் படிப்பவருக்கு இந்தக் கன்ஜிகூட (சீனத்திலிருந்து வந்த எழுத்து) எழுத வரவில்லையே!

'நரா' என்பது நம் 'என்றால்'. 'ஷிராஜு' என்றால் அறியேன்; பழைய எதிர்மறை வடிவம். நடுவில் உள்ள 'இஜா'வில்தான் விஷயம் இருக்கிறது. தனியாக வந்தால் அது 'வா, கிளம்பு' என்று உசுப்புகிற சொல். இங்கே அதற்கு என்ன வேலை? முதலில் இது 'இஸா'; 'என்னவோ, தெரியாது' என்று பொருள். ஓசை ஒன்றுபோல இருந்ததால் பின்னால் இரண்டும் கலந்துவிட்டன.

அந்தப் பழைய 'இஸா'வைக் கீ நோ ட்ஸுராயுகி என்ற பழங்கால ஜப்பானியக் கவிஞரின் கவிதையில் கேட்கலாம். ஹட்சுசே என்ற ஊருக்குக் கோயில் வழிபாட்டுக்குப் போகும்போதெல்லாம் தங்கும் வீட்டுக்கு அவர் நெடுநாள் கழித்து வருகிறார். வீடு அப்படியேதான் இருக்கிறது என்று வீட்டுக்காரர் குத்திக்காட்டுகிறார். அங்கிருந்த பிளம் மரத்தில் ஒரு பூங்கொம்பை ஒடித்துக்கொண்டு கவிஞர் சொல்கிறார்: 'ஹிதோ வா இஸா, கொகொரோ மோ ஷிராஜு.' மனிதர் மனம் எப்படியோ, அறியேன். பழகிய இந்த ஊரில் பூ மட்டும் அன்றுபோலவே மணக்கிறது.

நம் 'எப்படியோ'வின் கடைசி 'ஓ'வும் இதே வேலையைத்தான் செய்கிறது. சின்னப் பிள்ளை எழுதாதது சரியா தப்பா என்று பேசுபவர் தீர்ப்புச் சொல்வதில்லை. அதைத் தொடாமல் விட்டுவிடுகிறார். இதைப் போன்ற இன்னொரு தொடரான 'நரா மதாஷிமோ' ('என்றால் பரவாயில்லை') அப்படியில்லை. ஒரு நாள் என்றால் பரவாயில்லை, தினமுமா என்று கேட்கும்போது, ஒரு நாளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற தீர்ப்பு அதிலேயே வந்துவிடுகிறது.

என்னிடம் படித்த ஒருவர், 'தேநீர் நரா இஜாஷிராஜு, காப்பி பிடிக்கும்' என்று எழுதியிருந்தார். இலக்கணம் இடிக்கவில்லை, ஆனால் வாக்கியத்தில் உயிர் இல்லை. பின்பாதியில் ஒரு திகைப்போ ஆதங்கமோ வேண்டும். அப்புறம் அவரே யோசித்து இன்னொன்று எழுதி வந்தார்: 'புதிதாக வந்தவர் என்றால் எப்படியோ, மூன்று வருஷமாக ஒசாகாவில் இருந்துகொண்டு இன்னும் தப்பான ரயிலில் ஏறுகிறேனே!'