பதின்மூன்றாம் சுற்று இருந்த காலம்

நேயர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும், தே தாரிக் ஆறுவதற்குள் கிளப்பிவிடக்கூடிய வாக்குவாதம் ஒன்று உண்டு: குத்துச்சண்டையில் முகமது அலி பெரியவரா, மைக் டைசன் பெரியவரா? மேசையில் வயதானவர் ஒருவர் இருந்தால் ராக்கி மார்சியானோ பெயர் வரும். இளைஞன் இருந்தால் டைசன் ஃபியூரி, உசிக் என்று கைப்பேசியைத் திறந்து நீட்டுவான். அரை மணி நேரம் ஓடும், முடிவு மட்டும் வராது. முதலில் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை. எத்தனை சுற்று?

இன்றைக்கு உலக ஹெவிவெயிட், அதாவது மிகக் கனமான வீரர்கள் பிரிவின், பட்டச் சண்டை 12 சுற்று. சுற்றுக்கு மூன்று நிமிடம், நடுவில் ஒரு நிமிட ஓய்வு. 1980கள் வரை அது 15 சுற்றாக இருந்தது. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில், ரே மான்சினியோடு மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக் கூ 14ஆம் சுற்றில் விழுந்தார். நான்கு நாளில் இறந்துபோனார். அது லைட்வெயிட் சண்டைதான். ஆனாலும் அந்தச் சாவுக்குப் பிறகுதான் உலகக் குத்துச்சண்டை மன்றம் 12 சுற்றுக்கு இறங்கியது, மற்ற அமைப்புகளும் சில ஆண்டுகளில் அதே வழிக்கு வந்தன. அதற்கும் முன்னால் போனால் கணக்கே வேறு. 1915இல் ஹவானாவில் ஜாக் ஜான்சன் ஜெஸ் வில்லார்டிடம் பட்டத்தை இழந்த சண்டை 45 சுற்றுக்கு ஒப்பந்தமானது. அவர் விழுந்தது 26ஆம் சுற்றில்.

மூன்று சுற்று குறைந்தால் ஒன்பது நிமிடம் குறைகிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். அந்த ஒன்பது நிமிடம் என்ன செய்யும் என்பதற்கு 1952 செப்டம்பர் 23ஆம் தேதி பிலடெல்பியாவைப் பாருங்கள். சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு வயது 38. சவால் விட்டவர் மார்சியானோ. முதல் சுற்றிலேயே மார்சியானோ கீழே விழுந்தார். அவருடைய வாழ்க்கையில் அதுவரை நடக்காத காரியம். 12 சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளித் தாளிலும் வால்காட்தான் முன்னால் நின்றார். இன்றைய விதியாக இருந்தால் மணி அடித்து, வால்காட்டின் கையைத் தூக்கி, அனைவரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். 13ஆம் சுற்று தொடங்கியது. வால்காட் முதுகு கயிற்றில் படும் அளவுக்குப் பின்வாங்கினார். இருவரும் ஒரே நேரத்தில் வலது கையை வீசினார்கள். மார்சியானோவின் குத்து ஓர் அடி தூரம்கூடப் பயணித்திருக்காது. ஆனால் அதுதான் முதலில் போய்ச் சேர்ந்தது. வால்காட்டின் இடது கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, உடல் சரிந்து, முழங்காலில் மடிந்து, நெற்றி தரையைத் தொட்டது. சுற்று தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 49 சண்டை, 49 வெற்றி என்று நாம் சொல்லும் அந்தக் கணக்கு இன்றைய விதியில் அன்றைக்கே உடைந்திருக்கும்.

இது ஒருமுறை நடந்த விபத்தும் இல்லை. 1941இல் ஜோ லூயிஸ், பில்லி கான் சண்டையிலும் இதே கதைதான். 12 சுற்று முடிவில் இரண்டு தாளில் கான் முன்னால், ஒரு தாளில் சமம். ஓடி ஆடித் தப்பித்திருந்தால் பட்டம் அவருக்கு. அவரோ லூயிஸை நாக்அவுட் செய்துவிடலாம் என்று நின்று அடிக்கப் போனார். 13ஆம் சுற்று முடிய இரண்டே வினாடி இருந்தபோது கதை முடிந்தது.

ஆகவே பழைய வீரர்களை அளக்கும்போது அவர்கள் 15 சுற்றுக்காகத் தங்கள் மூச்சைப் பங்கிட்டார்கள் என்பதை மறக்கக்கூடாது. முதல் நான்கு சுற்றில் மந்தமாகத் தெரிகிறவர் உண்மையில் மந்தமானவர் அல்ல, சேமிக்கிறவர். இன்றைய வீரரை 15 சுற்றில் போடுவதும், அன்றைய வீரரை 12 சுற்றில் போடுவதும் இரண்டும் அநியாயம். எந்த அநியாயம் என்று முதலில் முடிவு செய்துகொண்டுதான் வாதத்தைத் தொடங்க வேண்டும்.

வெயிலும் ஒரு விதிதான். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால்மரம் வெட்டுகிறவர்கள் விடியுமுன் வேலையைத் தொடங்குவது ஏன் என்று தெரிந்தவர்கள். 1975 ஜூலை 1ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் அலி, ஜோ பக்னரை 15 சுற்றில் புள்ளிக் கணக்கில் வென்றார். அமெரிக்காவில் ஜூன் 30 இரவு என்பதால், அங்கே பார்ப்பதற்கு வசதியாக இங்கே பகலில் நடந்த சண்டை அது. சுவாரசியமில்லை என்று அந்தச் சண்டையைப் பலர் திட்டுவார்கள். இந்த நாட்டு வெயிலில் 15 சுற்று நின்று பார்த்துவிட்டுத் திட்டலாம். மூன்றே மாதத்தில் மணிலாவில், அதுவும் முற்பகலில், ஜோ பிரேசியருடன் 14 சுற்று. 15ஆம் சுற்றுக்குப் பிரேசியரை அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் எழ விடவில்லை. குளிரூட்டிய அரங்கில் இரவு நேரத்தில் சண்டையிடும் இன்றைய வீரர்களோடு இதை ஒப்பிடும்போது அந்த வெப்பத்தையும் தராசில் வைக்க வேண்டும்.

அடுத்தது எடை. இங்கேதான் இளைஞர்கள் ஜெயித்துவிட்டதாக நினைப்பார்கள். கணக்கு அவர்கள் பக்கம் இருப்பது உண்மைதான். மார்சியானோ வால்காட்டை வென்றபோது 184 பவுண்டு, அதாவது சுமார் 83 கிலோ. ஜாக் டெம்சி பட்டம் வென்றபோது 187 பவுண்டு. 1938இல் மாக்ஸ் ஷ்மெலிங்கை இரண்டு நிமிடம் நான்கு வினாடியில் சாய்த்த ஜோ லூயிஸ்கூட 200 பவுண்டுக்குள். இன்றைய விதிப்படி 200 பவுண்டு வரை குரூசர்வெயிட் என்ற கீழ்ப் பிரிவு. இந்த மூவரையும் இன்றைக்கு ஹெவிவெயிட் என்று எழுதவே மாட்டார்கள். மறுபக்கம் டைசன் ஃபியூரி 2020இல் டியான்டே வைல்டரை ஏழாம் சுற்றில் முடித்தபோது 273 பவுண்டு, ஏறக்குறைய 124 கிலோ. வைல்டர் 231. வித்தியாசம் 19 கிலோ. ஒரு நல்ல செம்பனைக் குலையின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடையால் குத்து கனமாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு: சாய்வது. பெரியவர் சின்னவரைக் கட்டிப் பிடித்து, கழுத்தின்மேல் முன்கையைப் போட்டு, தன் எடையை அவர் மேல் இறக்குவார். நடுவர் வந்து பிரிக்க ஐந்தாறு வினாடி ஆகும். அந்த ஐந்தாறு வினாடியும் சின்னவர் அந்தக் குலையைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்கிறார். சுற்றுக்கு நாலு முறை நடந்தால் ஐந்தாம் சுற்றில் கால் கெஞ்சும். கால் கெஞ்சினால் தலை அசையாது, தலை அசையாவிட்டால் குத்து விழும். விளாடிமிர் கிளிச்கோ ஏறக்குறைய பத்தாண்டு பட்டத்தை வைத்திருந்ததில் இந்தப் பிடிக்குப் பெரும் பங்கு உண்டு. பார்க்க அழகாக இருக்காது, அது வேறு விஷயம். அதனால் நடுவர் யார், பிடியை எவ்வளவு நேரம் விடுவார் என்பதும் உங்கள் கற்பனைச் சண்டையில் இருக்க வேண்டிய ஒன்று.

ஆனால் எடையே எல்லாம் என்றால் 1919இல் டெம்சி தோற்றிருக்க வேண்டும். வில்லார்ட் 245 பவுண்டு, ஆறரை அடிக்கும் மேல். முதல் சுற்றிலேயே ஏழு முறை விழுந்தார், மூன்றாம் சுற்றுக்குப் பிறகு எழவில்லை. இதைச் சொல்லி பழைய ஆட்கள் துள்ளிக் குதிக்க வேண்டாம். வில்லார்ட் அப்போது மூன்றாண்டுக்கு மேல் பட்டச் சண்டையே போடாதவர், வயது 37. அன்றைய பெரிய உடம்புகள் பெரும்பாலும் மெதுவான உடம்புகள். பிரிமோ கார்னெராவும் அப்படித்தான். லென்னக்ஸ் லூயிஸ் வந்த பிறகுதான் ஆறடி ஐந்தங்குலக்காரர் சரியான ஜேப், அதாவது முன்னிற்கும் கையால் நேராக நீட்டும் குத்து, சரியான கால் வைப்போடு வரத் தொடங்கினார். உண்மையில் மாறியது இதுதான். அந்த மாற்றத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது என்று 2024 மே மாதம் ரியாத்தில் உசிக் காட்டினார்: ஃபியூரியைவிட 38 பவுண்டு குறைவாக இருந்துகொண்டே 12 சுற்றில் வென்றார், டிசம்பரில் மறுபடியும் வென்றார். இடக்கைக்காரர், கால் நிற்கவே நிற்காது. சாய்வதற்கு ஆள் கையில் கிடைத்தால்தானே?

கைநீளத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. அறிவிப்பில் மார்சியானோ 68 அங்குலம், லென்னக்ஸ் லூயிஸ் 84 அங்குலம் என்று படிக்கிறோம். கை 16 அங்குலம் நீளம் என்று பயந்துவிடுகிறோம். அந்த அளவு இரண்டு கைகளையும் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை எடுப்பது. நெஞ்சின் அகலமும் அதில் சேரும். ஒரு கைக்கு வித்தியாசம் எட்டு அங்குலத்துக்குள்தான். ஒரு சாணுக்கும் குறைவு. அந்த ஒரு சாணும் தூரத்தில்தான் உதவும். நம் தோட்டத்தில் உயர்ந்த செம்பனை மரத்துக்கு நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அறுக்கிறோம்; இளமரத்துக்கு அந்தக் கம்பு வேலைக்காகாது, உளிதான் வேண்டும். பிரேசியரும் மைக் டைசனும் உளிக்காரர்கள். அவர்கள் உள்ளே நுழைந்துவிட்டால் நீளக் கை மடங்க இடமில்லாமல் திண்டாடும். நுழைவதற்குள் எத்தனை ஜேப் வாங்குகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். விடை அங்கே இருக்கிறது.

கையுறை பற்றிச் சுருக்கமாக. 1892இல் கார்பெட் சல்லிவனை வென்றபோது 5 அவுன்ஸ், இன்றைக்கு 10 அவுன்ஸ். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பதால் கையுறை தலையைக் காக்கத்தான் என்று எண்ணுகிறோம். அது காப்பது கையை. வெறுங்கையால் மண்டையில் அடித்தால் விரல் எலும்பு முறியும். அதனால் வெறுங்கைக் காலத்தில் தலையை அளந்துதான் அடித்தார்கள். பஞ்சு கூடக் கூட, தலையில் விழும் குத்தின் எண்ணிக்கையும் கூடியது.

விழுந்தவர் பக்கத்தில் யார் நிற்பது என்பதும் மாறியிருக்கிறது. டெம்சி வில்லார்டை வீழ்த்தியபோது தூர மூலைக்குப் போகவில்லை, தலைமாட்டிலேயே நின்று, முழங்கால் தரையை விட்டு எழுந்ததும் மறுபடி அடித்தார். அன்றைக்கு அது குற்றமில்லை. 1927இல் சிகாகோவில் ஜீன் டன்னியை வீழ்த்தியபோது விதி மாறியிருந்தது: அடித்தவர் தூர மூலைக்குப் போன பிறகுதான் நடுவர் பத்து எண்ணத் தொடங்குவார். டெம்சி பழைய பழக்கத்தில் அங்கேயே நின்றார், நடுவர் எண்ணத் தொடங்கவில்லை, டன்னிக்குச் சுமார் 14 வினாடி கிடைத்தது. எழுந்து வென்றார். இதை 2018இல் வைத்துப் பாருங்கள். 12ஆம் சுற்றில் மல்லாந்து கிடந்த ஃபியூரி ஒன்பது எண்ணுவதற்குள் எழுந்தாரே, வைல்டர் அவர் தலைமாட்டில் நின்றிருந்தால்?

பழைய படங்களை இணையத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையால் சுழற்றிய கேமராவில் வினாடிக்குச் சுமார் 16 படம் பிடித்ததை 24 படமாக ஓட்டினால் எல்லாரும் பொம்மை போலத் துள்ளுவார்கள். பார்த்தவுடன் "இவனுக்குச் சண்டையே தெரியாது" என்று சொல்லிவிடுகிறோம். ஓட்டும் வேகத்தை 0.75க்குக் குறையுங்கள். வீரரைப் பார்க்காமல் நடுவர் நடப்பதைப் பாருங்கள். அவர் நடை இயல்பாக இருந்தால் வேகம் சரி.

"அவன் இவனை அடித்தான், இவன் அவனை அடித்தான்" என்ற கூட்டல் கணக்கும் வேண்டாம். 1971இல் பிரேசியர் அலியை வென்றார். 1973இல் ஜார்ஜ் ஃபோர்மேன் பிரேசியரை இரண்டே சுற்றில் ஆறு முறை வீழ்த்தினார். 1974இல் கின்ஷாசாவில் அலி ஃபோர்மேனை எட்டாம் சுற்றில் சாய்த்தார். வட்டம் சுற்றி வந்து நிற்கிறது. யார் யாருக்கு ஒத்துவராத பாணி என்பதுதான் கேள்வி.

பெயரோடு ஆண்டையும் சொல்லுங்கள். அலி என்றால் எந்த அலி? 1967 மார்ச் முதல் 1970 அக்டோபர் வரை அவரை மேடையேறவே விடவில்லை. அதற்கு முன்னால் இருந்தவர் கால்களால் தப்பித்தவர், பின்னால் வந்தவர் தாடையால் தாங்கியவர். 1966 அலிக்கும் 1988 மைக் டைசனுக்கும் என்றால் என் கணக்கில் அலி, ஆறு சுற்று தாண்டிய பிறகு. முதல் நான்கு சுற்றுக்கு நான் பந்தயம் கட்ட மாட்டேன். மைக்கேல் ஸ்பின்க்ஸை 91 வினாடியில் முடித்த ஆள் அவர். 1966 அலியும் லென்னக்ஸ் லூயிஸும் 12 சுற்று மோதினால் அலிக்குப் பெரும் சிரமம். அலி பழகிய எதிரிகள் பெரும்பாலும் அவரைவிடக் குட்டையானவர்கள், லூயிஸ் அப்படியில்லை.

கடைசியாக, கடையில் யாரும் போட்டுப் பார்க்காத ஒரு ஜோடி: 1938 ஜோ லூயிஸ், 2024 உசிக். 90 கிலோவுக்கு 101 கிலோ. லூயிஸ் காலை இழுத்து இழுத்து, அவசரமில்லாமல் இடத்தை வெட்டிக்கொண்டு வருவார். குறுகிய தூரத்தில் அவர் வலது கையைப்போல நேராகப் போனது குறைவு. உசிக் பக்கவாட்டில் நகர்ந்து புள்ளி சேர்ப்பார். பில்லி கான் செய்த அதே வேலை, ஆனால் ஏறக்குறைய ஐம்பது பவுண்டு கூடுதலாக, இடக்கையால். 12 சுற்று என்றால் உசிக், அதிக இடைவெளி இல்லாமல். 15 என்றால் மணி 13ஆம் முறை அடிக்கும். அப்போது நான் லூயிஸ் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன்.

செய்திக்கு நேரமாகிவிட்டது. வணக்கம்.