கண்ணுக்குத் தெரியாத குறைபாடும் விமான நிலைய வேலையும்

நேயர்களுக்கு வணக்கம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி விமான நிலைய வேலைக்குப் போகும் அரசுத் துறை ஊழியர்களோடும், அவர்களுக்காகப் பேசும் சங்கத்தினரோடும் இன்று பேச வந்திருக்கிறேன்.

வலிப்பு, ஒரு காதில் கேளாமை, மனநோய், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா, நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். இவை பார்த்தால் தெரியாது. "ஆள் நல்லாத்தானே இருக்கார்" என்று மேலதிகாரி சொல்லிவிட்டால், கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிடுகிறார்கள். நாற்பது சதவீதக் குறைபாடு என்ற மாற்றுத்திறனாளி சான்றிதழ் இல்லையே என்ற தயக்கம் வேறு. அந்த நாற்பது, இட ஒதுக்கீட்டுக்கான வரம்பு. வேலையில் நியாயமான வசதி கேட்க அது தேவையில்லை. தேர்வில் தனக்காக விடை எழுத ஓர் உதவியாளர் கேட்டவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் இதைத் தெளிவாக்கியது. விமான நிலைய ஆணையம் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது என்பதால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும்.

அடுத்து, மனு. பெரும்பாலும் இங்கேதான் காரியம் கெடுகிறது. "லைட் டியூட்டி வேண்டும்" என்று எழுதாதீர்கள். அதை எப்படி வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம், வேண்டாத இடத்துக்கும் மாற்றிவிடலாம். எது முடியவில்லை, எந்த மாற்றம் வேண்டும், எத்தனை மாதத்தில் மறுபரிசீலனை என்று எழுதுங்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்றால், தொடர் இரவு ஷிப்ட் வேண்டாம் என்று கேளுங்கள். ஸ்கிளிரோசிஸ் உள்ளவருக்கு உடல் சூடேறினால் பார்வையும் கால் பலமும் தற்காலிகமாகக் குறையும். அவர் மே மாத நண்பகலில் விமானம் நிற்கும் திறந்தவெளியில் வேலை வேண்டாம் என்று கேட்கலாம். மருத்துவச் சான்றை மூடிய உறையில் பணியாளர் பிரிவுக்கு மட்டும் கொடுங்கள். ரோஸ்டர் போடுகிறவருக்கு மாற்றம் தெரிந்தால் போதும், நோயின் பெயர் தேவையில்லை. நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக ஒப்புக்கொண்ட அதிகாரி மாற்றலாகிப் போனால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் விஷயம் வேறு. அவருக்கு மூன்றாம் வகுப்பு மருத்துவத் தகுதி வேண்டும். மருத்துவரிடம் எதையும் மறைக்கக் கூடாது, வானத்தில் இருப்பவர்களின் உயிர் அதில் இருக்கிறது. பணிக்காலத்தில் வந்த குறைபாட்டால் அந்தத் தகுதி போனாலும் வேலை போகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். பணியிடம் காலியில்லை என்றால், கிடைக்கும் வரையோ ஓய்வு வரையோ கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இதைத் தெரியாமல் பயந்துபோய் ராஜினாமா எழுதிக் கொடுப்பதுதான் மிகப் பெரிய இழப்பு. எழுதுமுன் சங்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நடத்தைக்காகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்து, அதற்கு மனநோயும் ஒரு காரணமாக இருந்தால், பதிலில் அதைச் சொல்லுங்கள். சி.ஆர்.பி.எஃப். அதிகாரி ஒருவரின் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நடவடிக்கைக்கான பல காரணங்களில் மனநோய் ஒன்றாக இருந்தாலே, அதைப் பாகுபாடு என்று காட்டப் போதும் என்றது.

மனுவுக்குப் பலன் இல்லையா? ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அதிலும் திருப்தியில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மத்திய நிறுவனம் என்பதால் டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடமும் போகலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது முத்திரை விழுந்த அந்த நகலைத்தான்.