"அது சின்னப் பசங்க வேலை இல்லையா?" – டெத் குழுவின் முதல் ஆல்பம் பற்றி ஒரு கேள்வி

சரி, வணக்கம். இன்றைக்கு ஏழெட்டுக் கேள்விகள் எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒன்று, டெத் என்ற அமெரிக்க டெத் மெட்டல் குழுவைப் பற்றியது, அதாவது கனமான கிடாரோடு உறுமல் குரலில் பாடுகிற இசை, மூன்று நாளாக என்னை விடவே இல்லை, அதனால் அதிலேயே தொடங்குகிறேன், மற்றவை நேரம் இருந்தால். ஒரு தம்பி கேட்டிருக்கிறார், பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

"அண்ணா, டெத் குழுவைப் பற்றி நீங்கள் பேசிய எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய பிந்தைய ஆல்பங்கள் 'ஹியூமன்', 'சிம்பாலிக்' இரண்டையும் தலையில் வைத்துக் கொண்டாடினீர்கள், நியாயம்தான். ஆனால் போன முறை, போகிற போக்கில், எனக்கு அதிகம் பிடித்தது முதல் ஆல்பம் 'ஸ்க்ரீம் பிளடி கோர்'தான் என்றீர்கள். போய்க் கேட்டேன். முழுக்கப் பிணம், ரத்தம், குடல். அது சின்னப் பசங்க வேலை இல்லையா? பழைய பாசத்தில் சொல்கிறீர்களா?"

தம்பி, அந்தக் கடைசி வரிதான் குத்தியது. மூன்று நாளில் அந்த ஆல்பத்தை ஐந்து முறை கேட்டேன், பாசத்தைக் கழித்துவிட்டுக் கேட்க முடிகிறதா என்று பார்க்க. முடியவில்லை. பாசம் இருக்கிறது, அதை முதலில் சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருச்சியில் கல்லூரியில் இருந்தேன். விடுதியில் ஒரு சீனியர், அவருடைய அண்ணன் மஸ்கட்டில் வேலை, வரும்போது கொண்டுவந்த ஒரிஜினல் கேசட் இது. கெஞ்சி ஒரே ஒரு நாளைக்கு வாங்கி, ரெக்கார்டிங் கடையில் பதியக் கொடுத்தேன். நான் கொடுத்தது அறுபது நிமிட கேசட், ஆல்பமோ ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம்கூட வராது. மிச்ச நாடாவைக் காலியாக விட அந்தக் காலத்துக் கடைக்காரர்களுக்கு மனசு வராது. கேட்காமலேயே இரண்டு பக்கமும் இளையராஜா பாட்டுப் போட்டு நிரப்பிக் கொடுத்தார், நல்ல மனுஷன். இன்றைக்கும் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'மியூட்டிலேஷன்' முடிந்ததும் என் காது ஜானகி அம்மாவுக்காகக் காத்திருக்கும். சிரிக்காதீர்கள், உண்மை.

இன்னொரு கோளாறும் நடந்தது. அந்தக் கடை டெக்கில் வேகம் சரியில்லை போல, என் பிரதி கொஞ்சம் மெதுவாகவே ஓடியது. ஓட்டம் மெதுவானால் சுருதியும் இறங்கும் அல்லவா, குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது, கிடார் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருடம் அதுதான் அசல் என்று நினைத்திருந்தேன். பிறகு வேலைக்குப் போய், முதல் வருடத்திலேயே சிடி வாங்கிப் போட்டால், உள்ளே ஒரு பையன் கத்துகிறான். பூதம் எங்கே போயிற்று? ஏமாந்த மாதிரி இருந்தது. சிடியில் கேசட்டில் இல்லாத இரண்டு பாட்டு அதிகம் இருந்தும் மனசு ஆறவில்லை.

ஆக, தம்பி சொன்னது சரிதான், பையன் வேலைதான். 1986 நவம்பரில், ஹாலிவுட்டில் மியூசிக் கிரைண்டர் என்ற ஸ்டூடியோவில் இதைப் பதிவு செய்தபோது, குழுவைத் தொடங்கிய சக் ஷுல்டினருக்கு 19 வயது. டிரம் அடித்த கிறிஸ் ரைஃபர்ட்டுக்கு 17. ஆல்பம் வெளியானது 1987 மே 25, அதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் சக்குக்கு இருபது முடிந்திருந்தது. அங்கே வாசித்தவர்களே அந்த இரண்டு பேர்தான். கிடார் அத்தனையும் சக், பேஸ் சக், குரல் சக், மீதி டிரம். அட்டையில் இரண்டாவது கிடார்காரர் என்று இன்னொருவர் பெயர் போட்டிருப்பார்கள், அவர் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. ஒரு குழு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது இரண்டு பையன்கள்.

இதை ஒதுக்கி வைத்துவிட்டு 'ஹியூமன்' உடன் நிறுத்துப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று வருகிறேன். அதற்கு முன்னால் என் பழைய பல்லவியைப் பாடிவிடுகிறேன், தொடர்ந்து பார்ப்பவர்கள் "ஆரம்பிச்சுட்டார்" என்பீர்கள், பரவாயில்லை. டெத் மெட்டல் எதுவானாலும் முதல் தடவை குரலை விடுங்கள். கிடாரையும் விடுங்கள். டிரம்மை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். கூட்டத்தில் குழந்தை அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு போகும் பாருங்கள், அப்படி. இரண்டாவது தடவை கிடார். மூன்றாவதாகத்தான் குரல், அதற்குள் உங்களுக்கு அது பயமாகவும் இருக்காது, சிரிப்பாகவும் இருக்காது.

இந்த ஆல்பத்தில் அப்படிக் கேட்டால் என்ன கிடைக்கும்? முதல் பாட்டு 'இன்ஃபெர்னல் டெத்'தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வேகமே கிடையாது. கனமான ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி, இழுத்து இழுத்து நடக்கிறது, ரைஃபர்ட் அவசரப்படாமல் ஒவ்வொரு அடியாக வைக்கிறார், நடுவில் சக் ஒரு அலறல். அப்புறம் திடீரென்று பிடித்துக்கொண்டு ஓடும். அந்த ஓட்டத்தையும் கவனியுங்கள், பின்னாளில் இந்த இசைக்கே அடையாளமாகிப்போன பிளாஸ்ட் பீட், அதாவது தையல் மெஷின் மாதிரி இடைவெளியே இல்லாமல் பொழிகிற அடி, அது இங்கே இல்லை. அதே 1987இல் இங்கிலாந்தில் நேபாம் டெத் குழு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது, அது வேறு கதை. இங்கே அடிப்படை, டெத் மெட்டலுக்கு முந்தைய வேக மெட்டலான த்ராஷின் பழைய ஓட்டம்தான், துப்-தக் துப்-தக். ஆனால் ஒரு ரிஃபிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் இந்தப் பதினேழு வயதுப் பையன் டாம் டிரம்களை உருட்டுவான் பாருங்கள், படியில் குடம் உருளுகிற மாதிரி, இதோ தப்பிவிட்டது, இதோ விழுந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போது சரியான இடத்தில் வந்து நிற்கும். என் மெதுவான கேசட்டில் அந்த ஒவ்வொரு உருட்டலும் தனித்தனியாகக் கேட்டது. அந்தக் கடைக்காரருக்கு நான் கடன்பட்டவன்தான்.

ஒலியும் அப்படி. இன்றைக்குப் பல டெத் மெட்டல் பதிவுகளில் பேஸ் டிரம் டைப்ரைட்டர் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். இதில் தோல் கேட்கும், அறை கேட்கும். பதிவுக்குத் தயாரிப்பாளர் ரேண்டி பர்ன்ஸ். அதே ஆள்தான் 1985இல் பொசெஸ்ட் குழுவின் 'செவன் சர்ச்சஸ்' ஆல்பத்துக்கும் தயாரிப்பாளர். (இதைச் சொன்னதும் யார் முதல் டெத் மெட்டல் ஆல்பம் போட்டது, பொசெஸ்டா டெத்தா என்று கீழே சண்டை தொடங்கும். போன முறையே இருநூறு கமெண்ட். நான் வரவில்லை.)

இந்த ஒலி சும்மா அமைந்ததும் இல்லை. முதலில் சக்கின் ஊர்ப்பக்கம், ஃபுளோரிடாவில், பதிவைத் தொடங்கிவிட்டார்கள். அதன் ஒலி, ஆல்பத்தை வெளியிட இருந்த காம்பாட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நாட்டின் மறுகோடிக்கு வந்து முதலிலிருந்து மறுபடி வாசித்தார்கள். அதற்கு முன்னாலும் சக்கின் கதை அலைச்சல்தான். 1983இல் மாண்டாஸ் என்ற பெயரில் குழு, அடுத்த வருடம் பெயர் டெத், ஆட்கள் வருவதும் போவதும், ஃபுளோரிடாவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம், திரும்பி ஊர், அங்கிருந்து கனடாவில் டொரான்டோவுக்குப் போய் வேறொரு குழுவில் கொஞ்ச நாள், மறுபடி ஊர், மறுபடி கலிஃபோர்னியா. அங்கேதான் ரைஃபர்ட்டைப் பார்க்கிறார். இருவரும் சேர்ந்து 'மியூட்டிலேஷன்' என்ற டெமோ, அதாவது மாதிரி கேசட் போடுகிறார்கள், அதை வைத்துத்தான் காம்பாட் ஒப்பந்தமே. அண்ணன் விபத்தில் இறந்த பிறகு ஒன்பது வயதில் சக் கைக்குக் கிடார் வந்த கதையை முன்பே சொல்லியிருக்கிறேன், மறுபடி வேண்டாம்.

இனி நான் வர வேண்டிய இடம். யாராவது கேட்பார்கள் என்று ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன், யாரும் கேட்கவில்லை, அதனால் நானே கேட்டுக்கொள்கிறேன்: அந்த டிரம்மர் பையன் அப்புறம் என்ன ஆனான்?

ஆல்பம் முடிந்ததும் சக் ஃபுளோரிடாவுக்கே திரும்பினார். ரைஃபர்ட் ஊரைவிட்டு வரவில்லை. 1987இலேயே கலிஃபோர்னியாவில் ஆடாப்சி என்ற குழுவைத் தொடங்கினார், டிரம்மும் அவரே, குரலும் அவரே. 1989இல் அவர்களுடைய முதல் ஆல்பம் 'செவர்ட் சர்வைவல்'. அதைப் போட்டுக் கேளுங்கள். அந்த இழுவை, அந்தச் சகதி, அந்த உருளும் டாம், எல்லாம் அங்கே இருக்கிறது, இன்னும் அழுகலாக, மெதுவான, கனமான ரிஃபுக்குப் பேர்போன பிளாக் சாபத் குழுவின் வேகத்துக்கு இறங்கி இறங்கி. அதே நேரம் சக் எதிர்ப்பக்கம் போகிறார். 1988இல் 'லெப்ரசி', 1990இல் 'ஸ்பிரிச்சுவல் ஹீலிங்', 1991இல் 'ஹியூமன்'. ஒவ்வொன்றிலும் கிடார் கூர்மையாகிறது, தாளக் கணக்கு கூடுகிறது, பிணம் குறைந்து மனிதர்கள் வருகிறார்கள்.

தம்பி, நீங்கள் 'ஸ்க்ரீம் பிளடி கோர்' ஆல்பத்தை 'ஹியூமன்' ஆல்பத்தின் எழுத்துப்பிழை நிறைந்த முதல் பிரதி மாதிரி கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆல்பத்துக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது டாக்டருக்குப் படித்தது, அதை ஊரே மெச்சுகிறது, நானும் மெச்சியிருக்கிறேன். இன்னொன்று சுடுகாட்டுப் பக்கமே சுற்றிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறது. மூத்த பிள்ளையின் மார்க் ஷீட்டை வைத்து இரண்டு பேருக்கும் பொதுவான வீட்டை மட்டம் தட்டலாமா? இதில் வேடிக்கை, 'செவர்ட் சர்வைவல்', 'ஹியூமன்' இரண்டிலும் பேஸ் வாசித்தவர் ஒரே ஆள், ஸ்டீவ் டிஜார்ஜியோ. அவர் இரண்டு வீட்டுச் சாப்பாடும் சாப்பிட்டவர். இன்னொன்று, 'ஹியூமன்' டிரம்மர் ஷான் ரைனர்ட், இவர் கிறிஸ் ரைஃபர்ட். பெயர் ஒன்று போல இருக்கும், கை துளியும் ஒன்று போல இருக்காது. பழைய வீடியோ ஒன்றில் நானே மாற்றிச் சொல்லிவிட்டேன், திட்டிய அத்தனை பேருக்கும் இப்போது மன்னிப்பு.

பிணம், ரத்தம், குடல் பற்றியும் கேட்டீர்கள். ஆமாம், பாட்டு வரிகள் வீடியோ கேசட்டில் பார்த்த பேய்ப்படங்கள்தான். 'ஈவில் டெட்' பாட்டு அந்தப் படத்தின் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. தலைப்புப் பாட்டு 'ரீ-அனிமேட்டர்' படத்திலிருந்து வந்தது. எனக்கு அதில் வக்கிரம் கேட்கவில்லை. ராத்திரி படம் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் காலை வகுப்பில் பக்கத்துப் பையனிடம், "டேய், அப்போ அந்தத் தலை தனியா வந்து..." என்று மூச்சுவிடாமல் சொல்கிற பையன்தான் கேட்கிறான். எட் ரெப்கா வரைந்த அட்டையைப் பாருங்கள், கையில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும் எலும்புக்கூடுகள், ஏதோ கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. வரிகள் பிரமாதம் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, 'சிம்பாலிக்' எழுதிய ஆளா இவர் என்று எனக்கே தோன்றும். அங்கே நான் வாதாட வரவில்லை.

ஆனால் 'ஈவில் டெட்' தொடக்கத்தை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள். கத்தல் வருவதற்கு முன்னால் கிடாரில் ஒரு சின்ன மெலடி, சோகமாக, கிட்டத்தட்ட அழகாக இருக்கும். 'ஜாம்பி ரிச்சுவல்' தொடங்கும் இடத்திலும் அப்படி ஒரு வளைவு உண்டு. பின்னால் நீங்கள் கொண்டாடுகிற சக் அங்கே ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். சக் 2001 டிசம்பர் 13இல் மூளைக் கட்டியால் இறந்தபோது வயது 34. செய்தி எனக்குச் சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்று ராத்திரி 'சிம்பாலிக்' போட வேண்டும் என்றுதான் எழுந்தேன், கை இதைத்தான் எடுத்தது. பழைய பாசம் என்றால் இதுதான் தம்பி, இதற்கு என்னிடம் பதில் இல்லை.

செய்ய வேண்டியது ஒன்றுதான். முதலில் 'ஸ்க்ரீம் பிளடி கோர்' இரண்டாவது பக்கம், அதாவது 'ரிகர்ஜிடேட்டட் கட்ஸ்' பாட்டிலிருந்து கடைசிவரை, டிரம் மட்டும். உடனே 'செவர்ட் சர்வைவல்'. அப்புறம் 'ஹியூமன்'. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஹெட்போனில் கேளுங்கள், வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள். கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள், அப்போதும் சின்னப் பசங்க வேலை என்றுதான் எழுதுவீர்கள் என்றால், அந்தச் சின்னப் பசங்களில் எந்தப் பையன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சரி, அடுத்த கேள்வி. ஒரு அக்கா கேட்டிருக்கிறார், இந்தக் குரலில் பாடினால் தொண்டை கிழியாதா என்று.