ஹிட் பாட்டே இல்லாத காலத்தில் வந்த 'பெஸ்ட்' ஆல்பம்: பெர்ஃப்யூமை மறுபடி கேட்கிறேன்

வணக்கம் நண்பர்களே. மூன்று பெண்கள் ஆடிப் பாடும் ஜப்பானிய எலக்ட்ரானிக் பாப் குழுவான பெர்ஃப்யூம் பற்றிப் பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அதிலும் முக்கால்வாசிப் பேர் கேட்டது 2019-இல் வந்த 'பி க்யூப்ட்' தொகுப்பு. மூன்று சிடி, 52 பாட்டு. அதற்குத் தனியாக ஒரு வீடியோ கட்டாயம் வரும். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது இதை. அட்டை தெரிகிறதா? 'பெர்ஃப்யூம்: கம்ப்ளீட் பெஸ்ட்'. 2006 ஆகஸ்டில் வெளிவந்தது.

தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். இவர்களின் முதல் பெரிய ஹிட் பாட்டு 'பாலிரிதம்' வந்தது 2007 செப்டம்பரில். ஜப்பான் முழுக்க இந்தக் குழுவைத் திரும்பிப் பார்த்தது அதற்கு அப்புறம்தான். அப்படியென்றால் 2006-இல் தொகுக்க இவர்களிடம் என்ன ஹிட் இருந்தது? ஒன்றும் இல்லை. முழு ஆல்பம் என்று எதுவும் அதுவரை வந்ததே கிடையாது. சிங்கிள்களாக, அதாவது தனித்தனிப் பாட்டுகளாக, வெளியானவற்றைச் சேர்த்து, ஒரே ஒரு புதுப் பாட்டை முன்னால் வைத்து, 'பெஸ்ட்' என்று போட்டுவிட்டார்கள். ஒரு குழுவின் முதல் ஆல்பமே தொகுப்பாக வந்தால், இத்தோடு முடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மூன்று பேருக்கும் அப்போது 17 வயது. அயாகா நிஷிவாகி, யூகா காஷினோ, அயானோ ஓமோட்டோ. ரசிகர்களுக்கு ஆ-ச்சான், காஷியுகா, நொச்சி. மூவரும் ஹிரோஷிமாவில் ஒரே பயிற்சிப் பள்ளியில் ஆட்டமும் பாட்டும் கற்றவர்கள். இவர்களுக்குத் தொடர்ந்து நடனம் அமைத்துவந்த மிகிகோ அந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர்தான். பிறகு டோக்கியோவுக்கு வந்தார்கள், அங்கே அகிஹபாரா என்ற கடைவீதிப் பகுதியில் சின்னச் சின்ன நிகழ்ச்சிகளில் ஆடினார்கள். 2005-இல் பெரிய இசை வெளியீட்டு நிறுவனம் வழியாக 'லீனியர் மோட்டார் கேர்ள்' வந்தது. அடுத்த ஆண்டு 'கம்ப்யூட்டர் சிட்டி', அதற்குப் பிறகு 'எலக்ட்ரோ வேர்ல்ட்'. இந்த மூன்றையும் சேர்த்து ரசிகர்கள் எதிர்கால முத்தொடர் என்பார்கள்.

இந்த மூன்று பாட்டுக்காகத்தான் இந்த வீடியோவே.

இசை யசுதாகா நகாட்டா. காப்சூல் என்ற குழுவை நடத்தியவர், 2003 முதல் பெர்ஃப்யூமின் இசை முழுக்க அவர் கையில். ஹிரோஷிமாவில் இந்தப் பெண்கள் கற்றது குரலைத் திறந்து, உணர்ச்சியைக் கொட்டிப் பாடுவது. நகாட்டா அதைத்தான் முதலில் வேண்டாம் என்றார். அழுத்தம் வேண்டாம், சாதாரணமாகப் பாடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது அவர் வழி. அப்புறம் அந்தக் குரலைக் கணினியில் போட்டு வழவழப்பாக்கி, அதையும் ஒரு சிந்தசைசர் போலவே பயன்படுத்தினார். பாடுவதற்காகவே வளர்ந்த பெண்களுக்கு அது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்!

ஆனால் 'கம்ப்யூட்டர் சிட்டி'யைக் கேளுங்கள். எல்லாமே கணக்குப் போட்டுக் கட்டிய ஒரு நகரம். அங்கே பொய் கலக்காத ஒரே விஷயம், நான் உன்னை நேசிக்கிறேன் என்பது மட்டும். அதை அழுது பாடியிருந்தால் இன்னொரு காதல் பாட்டாகப் போயிருக்கும். இங்கே இயந்திரம் மாதிரி ஒலிக்கும் குரல் அதைச் சொல்கிறது. அந்த மினுக்கலுக்குப் பின்னால் 17 வயதுப் பெண்ணின் மூச்சு கேட்கிறது. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். இந்த மூன்று பாட்டுக்கும் வரிகள் எழுதியவர் கினோகோ என்ற புனைபெயர்க்காரர். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

'எலக்ட்ரோ வேர்ல்ட்' இன்னும் ஒரு படி மேலே. நாம் நிஜம் என்று நினைத்த உலகம் கண் முன்னால் உடைகிறது, தாளமோ நிற்காமல் ஓடுகிறது. பாட்டை இங்கே போட்டுக் காட்ட முடியாது, காப்புரிமைப் பிரச்சினை வரும். பெர்ஃப்யூம் உண்மையில் தொடங்குவது 2008-இல் வந்த 'கேம்' ஆல்பத்தில்தான் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'கேம்' ஜப்பானின் ஒரிகான் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, சரி. அதற்கான துணிச்சல் முழுக்க 'எலக்ட்ரோ வேர்ல்ட்'டில் இருக்கிறது, அதுவும் கேட்க ஆளே இல்லாத நேரத்தில்.

நடுவில் வரும் 'ஸ்வீட் டோனட்ஸ்', 'மோனோகுரோம் எஃபெக்ட்', 'வைட்டமின் டிராப்' எல்லாம் 2003, 2004-இல் வந்த பழைய பாட்டுகள். இனிப்பாக, துள்ளலாக இருக்கும். 'வைட்டமின் டிராப்' மட்டும் எனக்கு இன்னும் பிடிக்கும், மற்ற இரண்டும் அந்த வயதோடு நின்றுவிட்டன.

முதல் பாட்டுக்கு வருகிறேன். அந்த ஒரே புதுப் பாட்டு, 'பர்ஃபெக்ட் ஸ்டார் பர்ஃபெக்ட் ஸ்டைல்'. வரிகளும் நகாட்டாவே எழுதியது. முத்தொடரின் வேகம் இதில் கிடையாது. ஹவுஸ் என்ற நடன இசை வகையின் நிதானமான தாளம், ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. தயவுசெய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதலில் மூன்று குரலும் ஒன்றாகத்தான் தெரியும். பழகப் பழக நொச்சியின் குரல் கீழே கனமாகவும், காஷியுகாவின் குரல் மெல்லிய காற்றாகவும், ஆ-ச்சானின் குரல் தெளிவாக நடுவிலும் பிரியும். இயந்திரக் குரல், ஆள் வித்தியாசமே தெரியவில்லை என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தப் பாட்டைத்தான்.

கடைசிப் பாட்டு 'வொண்டர் 2'. பழைய ரசிகர்கள் இதைப் பொக்கிஷமாகவே வைத்திருக்கிறார்கள்.

அடுத்து நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். 2007 தொடக்கத்தில் வந்த 'சாக்லேட் டிஸ்கோ' பாடகி கயேலா கிமுராவுக்குப் பிடித்துப்போய், தன் வானொலி நிகழ்ச்சியில் திரும்பத் திரும்பப் போட்டார். அதன் வழியாகத்தான் மறுசுழற்சி பற்றிய பொதுநல விளம்பரம் இவர்களைத் தேடி வந்தது. அந்த விளம்பரப் பாட்டுதான் 'பாலிரிதம்'. அதற்குப் பிறகு 2008-இல் டோக்கியோவின் புடோகான் அரங்கம், 2010-இல் டோக்கியோ டோம் அரங்கம், 2019-இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழா மேடை.

'பி க்யூப்ட்'டை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதில் இருப்பவை பெரும்பாலும் மக்கள் ஏற்கெனவே கொண்டாடிய பாட்டுகள். 'கம்ப்ளீட் பெஸ்ட்'டில் அப்படி யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை. இவைதான் எங்களிடம் இருக்கின்றன, இவற்றுக்காகத்தான் உழைத்தோம் என்று மூன்று பேர் நம் முன்னால் வைத்த பாட்டுகள். 2025 முடிவோடு குழுவின் செயல்பாட்டை நிறுத்தி வைக்கிறோம் என்று அவர்கள் அறிவித்தபோது, முதலில் என் கை போனது இந்த ஆல்பத்துக்குத்தான். நின்றுவிடும் என்று தோன்றிய ஓர் இடத்தை அவர்கள் 2006-இலேயே தாண்டி வந்தவர்கள். அதனால் நான் காத்திருக்கிறேன், நம்பிக்கையோடுதான்.

புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் 'கம்ப்யூட்டர் சிட்டி'யில் தொடங்குங்கள். அப்புறம் 'எலக்ட்ரோ வேர்ல்ட்'. 'பர்ஃபெக்ட் ஸ்டார்' இரவில் தனியாக. மூன்றில் எது உங்களைப் பிடித்துக்கொண்டது என்று கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன். அடுத்த வீடியோவில் 'பி க்யூப்ட்'டைப் பிரித்துப் பார்க்கலாம்.