உரையாடல் பெட்டியும் ஒழுங்கு விதியும்

(உலு சிலாங்கூர், பத்தாங்காலி ஆலய மண்டபத்தில், பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவர்க்கும் வணக்கம்.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்குப் பெரட்டு நினைவிருக்கும். விடியுமுன் பெயர் கூப்பிடும் அந்த இடத்தில் ஒருவர் குரலை உயர்த்திவிட்டால், அவர் வம்புக்கு நின்றாரா, நியாயம் கேட்டாரா என்று பிரித்துப் பார்ப்பவர் அரிது. இயங்கலை வகுப்பின் உரையாடல் பெட்டியில் எழும் குழப்பங்களுக்குப் பல்கலைக்கழக ஒழுங்கு விதிகளைப் பயன்படுத்தும்போது அந்தப் பழக்கம் திரும்பிவிடக்கூடாது என்பதே நான் சொல்ல வந்தது.

2020 மார்ச் 18ஆம் நாள் கோவிட் பெருந்தொற்றுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின் விரிவுரைகள் திரைக்குள் நுழைந்தன. குழப்பமும் உடன் நுழைந்தது. விரிவுரையாளர் பேசிக்கொண்டிருக்க, ஒருவர் ஒரே எழுத்தை ஓயாமல் தட்டி அனுப்புகிறார். இன்னொருவர் சக மாணவியின் உச்சரிப்பைக் கேலி செய்கிறார். பாடத்தைப் பற்றி அவள் கேட்ட கேள்வி பதில் கிடைக்குமுன்பே மேலே ஓடி மறைந்துவிடுகிறது. இதைத் தடுக்கப் புதுச் சட்டம் தேவையில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒழுங்கு விதிகள் 1999இல் எழுதப்பட்டவை. அப்போது புலனமும் (வாட்ஸ்அப்) இல்லை, இயங்கலை வகுப்பு நடத்தும் டீம்ஸும் இல்லை. ஆயினும் கற்பித்தலையும் கற்றலையும் எவ்வகையிலும் குலைக்கக்கூடாது என்ற கட்டளை அவற்றில் உண்டு. ‘எவ்வகையிலும்’ என்ற சொல்லுக்குள் விசைப்பலகையும் அடங்கும்.

சிக்கல் தண்டனையில்தான் இருக்கிறது. எச்சரிக்கை, 200 ரிங்கிட்டுக்கு மேற்படாத அபராதம், பல்கலைக்கழகத்தின் குறிப்பிட்ட ஒரு பகுதிக்குள் நுழையத் தடை, இடைநீக்கம், வெளியேற்றம் என்பது அவ்விதிகளின் ஏணி. நூலகத்திற்கோ விளையாட்டரங்கிற்கோ ஒருவரைத் தடுத்தால் அவர் படிப்பு நின்றுவிடாது. வகுப்புக் குழுவிலிருந்து நீக்கினாலோ, குறிப்புகளும் பணித்தாள்களும் தேர்வு அறிவிப்பும் அதே குழுவில் வருவதால், சிறிய தண்டனை என்று எண்ணிக் கொடுத்தது சொல்லாமலே இடைநீக்கமாகிவிடுகிறது. அவர் எழுதும் வசதியை மட்டும் சில நாள்கள் நிறுத்திவைத்து, படிக்கும் வசதியை விட்டுவைப்பதே என் பார்வையில் முறையானது. மிரட்டலும் தொடர்ந்த துன்புறுத்தலும் வேறு வகை. 2025 ஜூலை 11 முதல் இணையப் பகடிவதைக்கெனத் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் நடப்பில் இருப்பதால், அத்தகைய புகார்கள் காவல் நிலையத்திற்கே போகவேண்டும்.

எதிர்க்கருத்தைக் குழப்பமாக எண்ணுவதன் ஆபத்தை இந்த வட்டாரத்தார்க்கு நான் விளக்கவேண்டியதில்லை. 2010 ஏப்ரலில் இதே உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது, தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் அரசியல் கட்சிக்கு ஆதரவு காட்டியதாக ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானார்கள். அவர்கள் நின்றது வளாகத்திற்கு வெளியே. மாணவர் அரசியல் கட்சிக்கு ஆதரவு காட்டுவதைத் தடுத்த, 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் பிரிவு கூட்டரசு அமைப்புச் சட்டத்திற்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 அக்டோபர் 31இல் தீர்ப்பளித்தது. “இந்த மதிப்பெண் முறை நியாயமாக இல்லை” என்று ஒரு மாணவர் பெட்டியில் எழுதுவது விரிவுரையாளருக்குக் கசக்கலாம்; வகுப்பு அதனால் நின்றுவிட்டதா என்று மட்டுமே விசாரணைக் குழு கேட்கவேண்டும்.

அடுத்து, சான்று. ஸ்க்ரீன்ஷாட் என்பது வெட்டி எடுத்த துண்டு. மேலும் கீழும் என்ன இருந்தது என்று முழு உரையாடலையும் கேட்டுப் பெறாமல் தீர்ப்பெழுதுவது, ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திட்டுவது போன்றது. 2012இல் சாட்சியச் சட்டத்தில் சேர்ந்த 114ஏ பிரிவின்படி, பதிவின் உரிமையாளராகவோ நடத்துநராகவோ எவர் பெயரோ படமோ காட்டப்படுகிறதோ அவரே வெளியிட்டார் என ஊகிக்கப்படும். இல்லையென்று காட்டும் பொறுப்பு அவருடையது. அண்ணன், தங்கை, அத்தை மகன் என மூவர் ஒரே கைப்பேசியில் வகுப்புக்குப் போகும் தோட்டத்து வீட்டில் அந்த ஊகம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை, நகரத்தில் அமர்ந்திருக்கும் குழுவினர்க்கு நாம்தான் எடுத்துச் சொல்லவேண்டும்.

ஆகவே தம்பி தங்கைகளே, காரணம் கோரும் கடிதம் வந்தால் பயந்து மறைக்காதீர்கள். அந்த நேரத்தில் கைப்பேசி யார் கையில் இருந்தது என்பதை முதல் பதிலிலேயே எழுதுங்கள். முடிவில் உடன்பாடில்லையென்றால் எழுத்துமூலம் மேல்முறையீடு செய்ய 14 நாள்கள் உண்டு. அஞ்சல் தோட்ட அலுவலகத்திற்கு வந்து கிடக்கும் நாள்களையும் அதில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.